மேல்பாதியை மறைக்கும் கை

அக்காவை நினைத்தால் முதலில் அவருடைய இடது கைதான் கண்ணுக்குள் வருகிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீனி டின். அதன்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி. அதில் கொழும்புப் பங்குச் சந்தையின் வரைபடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டையாகப் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அக்கா அதைப் பார்ப்பதற்கு முன்னால் இடது உள்ளங்கையால் திரையின் மேல்பாதியை மூடிவிடுவார். மேல்பாதியில் ஓடுவது விலை. கீழே வரிசையாக நிற்கும் குட்டைக் கம்பங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பங்குகள் கைமாறின என்பதைக் காட்டுபவை. அவர் முதலில் பார்ப்பது அந்தக் கம்பங்களைத்தான்.

"மேல பாத்தா மனசு போயிரும் டீச்சர். ஆச வந்துரும், இல்லாட்டி பயம் வந்துரும். கீழ பாத்தா ரெண்டும் வராது. எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு போனாங்க, அவ்வளவுதான்."

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமாவுக்குக் காசு கொடுத்துப் போய், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார். "அப்ப வெலய எப்பத்தான் பாப்பீங்க?" என்று கேட்டேன். "அது எங்க ஓடிரப் போகுது, கடைசியில பாத்துக்கலாம்" என்றார்.

தலவாக்கலையில் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் அவர்களுடைய கடை. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, கருவாடு எல்லாம் மூட்டைக் கணக்கில். புருஷன் முதலாளி, லொறியோடு கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் அலைவார். கல்லாவில் அக்கா. அந்தக் கடைக்கு மேலே ஒரு அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். என் ஊர் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்; பாடசாலையோ தலவாக்கலையில். தினமும் பஸ்ஸில் போய்வர என்னால் ஆகாது. அக்கா என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் பஜார் முழுக்க அக்கா, அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் எதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு வசதியாக இருக்கும். நான் உடற்கல்வி ஆசிரியை. எனக்கு விசில் தேவையில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். மைதானத்தின் இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் ஓடுகிறவன் நின்றுவிடுவான். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே. வந்தால் அடைமழை, விட்டால் நல்ல வெயில். அக்கா நேர்மாறு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது கிடையாது. எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று பஜாரில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கே ஆச்சரியம்தான்.

அந்தக் கையை அவர் கைப்பேசிக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. எதற்கும் அதே கேள்விதான். ஒரு சமயம் வெங்காயம் விலை ஏறப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கப்பல் வராதாம், கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில் இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலையாம். பஜாரே பரபரத்தது. இந்தப் பக்கத்துக் கடை, அந்தப் பக்கத்துக் கடை, எல்லோரும் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நாமளும் ஒரு லோடு போட்டுருவோம்டி" என்று நச்சரித்தார். அக்கா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வெலய விடுங்க. வெல எனக்குத் தெரியும். இன்னைக்கு எத்தன லொறிக்கு ஏத்துனீங்க?"

அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்கே கேட்டது. "எங்கம்மா ஏத்துறது? சும்மா குந்திகிட்டு இருக்கோம்."

அக்கா போனை வைத்துவிட்டு முதலாளியிடம், "வெலதாங்க ஏறுது. சாமான் நகரல. வேணாம்" என்றார். முதலாளி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பஜாரின் பின் சந்தில் அழுகிய வெங்காயத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை. நான் அந்தச் சந்து வழியாகத்தான் பாடசாலைக்குப் போகவேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

எனக்கு ஒரு வரன் வந்த கதையையும் சொல்ல வேண்டும். பொல்பிட்டியப் பக்கம் வேலை, தங்கமான குணம், தண்ணி இல்லை, சிகரெட் இல்லை என்று தரகர் வந்து உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி மூச்சு விடாமல் சொன்னார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "தரகரே, இவ்வளவும் நீங்க சொல்றீங்க. அங்க ஊருல வேற யாராச்சும் சொல்றாங்களா?" என்றார்.

"நான் சொன்னா பத்தாதா தாயி?"

அக்கா என் பக்கம் சாய்ந்து காதோடு காதாக, "வெல மட்டும்தான் ஏறுது டீச்சர்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்ததில் தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த மாப்பிள்ளை உண்மையிலேயே தங்கமாகக்கூட இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்காக நான் அக்காவிடம் வருத்தப்பட்டதும் இல்லை.

அவர் பார்ப்பது எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வங்கியின் பங்கை, "கூட்டம் கலையுது" என்று சொல்லி ஒரு காலையில் விற்றுத் தள்ளினார். அது அடுத்த நாளும் ஏறியது, அதற்கடுத்த நாளும் ஏறியது. நானாக இருந்தால் கைப்பேசியைத் தூக்கி ரயில் பாதையில் எறிந்திருப்பேன். அக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "தப்பா பாத்துட்டேன். கூட்டம் டீ குடிக்கப் போயிருக்கு, கலையல" என்றார். அவ்வளவுதான். பழத்தோலைப் போட்டுவிட்டு யாருக்கோ பருப்பு நிறுக்கப் போய்விட்டார். தோற்றாலும் இவ்வளவு சாதாரணமாகத் தோற்கலாம் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். போட்டியில் தோற்ற பிள்ளைகளை நான் அதுவரை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்!

யாருக்கும் எந்தப் பங்கையும் சொல்லமாட்டார். தான் எதை வைத்திருக்கிறார் என்பது முதலாளியைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பாடசாலை அதிபர் ஒருநாள் கடைக்கு வந்து குழைந்து குழைந்து, "ஒரு நல்ல பங்கு இருந்தாச் சொல்லுங்களேன்" என்றார். அக்கா, "பெரிய வெங்காயம் நல்லா இருக்கு சேர். ரெண்டு கிலோ போடவா?" என்றார். அதிபர் வெங்காயம் வாங்கிக்கொண்டு போனார். அக்காவுக்குத் தலைக்கனம் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு.

அந்த ஸ்டாஃப் ரூமில்தான் என் வினையும் தொடங்கியது. டொலர் விலை தலைதெறிக்க ஓடிய காலம் அது. தேயிலை டொலரில் விற்கிறது, ஆகவே தேயிலைக் கம்பெனிப் பங்குகள் ஏறும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஏறவும் செய்தன. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். கொழும்புக்காரன் என்றால் எந்தக் கம்பெனியில் லாபம் என்று பார்த்து வாங்குவான். நாங்கள் வாங்கிய விதத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் வாங்கமாட்டார்கள். ஆளாளுக்கு அவரவர் அம்மா கொழுந்து பறித்த தோட்டம் எந்தக் கம்பெனியுடையதோ அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கினோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து படித்து வந்தவர்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். பழிவாங்கியது போலவும் இருந்தது, பாசம் போலவும் இருந்தது.

நான் போட்டது என் காசு இல்லை. அம்மாவின் சேமலாப நிதி. வேலையிலிருந்து நின்றபோது கிடைத்ததை அப்படியே என் கையில் கொடுத்திருந்தார். உடப்புசல்லாவை பஜாருக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி வாங்கி, இரண்டு அறை போட்டு, அம்மாவை லயத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதற்காக வைத்திருந்த காசு. லயத்துக் கூரை ஒழுகி ஒழுகி அம்மா பாத்திரம் வைக்க இடமில்லாமல் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். காசு கொஞ்சம் பெருகினால் இன்னொரு அறை சேர்த்துப் போடலாமே என்று நினைத்தேன். அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா, நீ விடியக்கால பேரு குடுக்க பெரட்டுல நின்ன கம்பெனிக்கு இப்ப நீயும் ஒரு மொதலாளி."

"அப்ப எங்கள வேல ஏவுன கண்டாக்கையாவ நான் வேலைய விட்டுத் தூக்கலாமா?"

"அவ்வளவுக்கு இல்லம்மா."

"அப்ப என்னா மொதலாளி" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

வாங்கிய பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குத் திட்டுவதற்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். "அம்மா காசா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி. நானும் பாத்துகிட்டே இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து, பாடசாலை விட்டு நான் வரும்போது அந்தக் கம்பெனியின் படம் சீனி டின்னில் சாய்ந்திருக்கும்.

ஒருமுறை அம்மா கண் கிளினிக்குக்காக வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, "இதுதாம்மா ஒங்க கம்பெனி" என்று கைப்பேசியைக் காட்டினார். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னா இது, கம்பு கம்பா நிக்கிது?" என்றார்.

"எவ்வளவு கைமாறுதுன்னு காட்டுறது. தெனம் எத்தன கிலோ கொழுந்துன்னு போடுவாங்கல்ல, அந்த மாதிரி வச்சுக்கங்க."

அம்மா உடனே கேட்டார். "தண்ணி கழிச்சா, கழிக்காமலா?"

அக்காவுக்குப் புரியவில்லை. அம்மா விளக்கினார். மழை நாளில் கொழுந்து ஈரமாக இருக்கும், தராசில் எடை கூடக் காட்டும், அதனால் தண்ணிக்கென்று கொஞ்சத்தைக் கழித்துத்தான் எழுதுவார்கள். "சில பாவிங்க தண்ணியோட கொழுந்தையும் சேத்துக் கழிச்சிருவானுங்க, அது வேற கத" என்றார்.

அக்கா கையைத் தட்டிச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, இவ்வளவு நாளா இதுக்கு ஒரு பேரு இல்லாம இருந்தேன்!" என்றார். சில நாள் ஒரு கம்பம் திடீரென்று ஆள் உயரத்துக்கு எழும்பும். பார்க்கிறவர்கள் கூட்டம் அலைமோதுகிறது என்று நினைப்பார்கள். பார்த்தால் பெரிய ஆள் ஒருவர் இன்னொரு பெரிய ஆளுக்கு, முன்கூட்டியே பேசிவைத்து மொத்தமாகக் கைமாற்றியிருப்பார். அது கூட்டமில்லை. அதைக் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்றுதான் பார்க்கவேண்டும். அதன் பிறகு அக்கா வாயில் எப்போதும் அதுதான். "தண்ணி கழிச்சாச்சா டீச்சர்?" என்பார். தேர்தல் கூட்டத்துக்குப் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்குவதைப் பார்த்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாளுக்கு வருகிறேன். பெட்ரோல் இல்லாமல் பாடசாலையைப் பூட்டியிருந்தார்கள். மின்சாரமும் இல்லை. முதலாளியின் லொறி டீசலுக்காக வரிசையில் நிற்காத நேரங்களில் கடை வாசலில் நின்றது. அதன் பேட்டரியில் வயர் இழுத்து அக்கா கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டிருந்தார். காலையிலிருந்தே எங்கள் குழுவில் கொண்டாட்டம். எங்கள் கம்பெனிப் பங்கு, நாங்கள் வாங்கியதிலிருந்து இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. நான் படியிறங்கி வரும்போதே, "அக்கா, பாத்தீங்களா!" என்று கூவிக்கொண்டு வந்தேன்.

அக்காவின் இடது கை திரைமேல் இருந்தது. நீண்ட நேரம் அதை எடுக்கவில்லை.

"டீச்சர், இன்னைக்கு வித்துருங்க" என்றார். "முழுசா."

"என்னா சொல்றீங்க? இப்பத்தானே ஏறுது!"

"ஏறல. இங்க பாருங்க. மேல போய்த் தொட்டுட்டு அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே எறங்கிருது. காலையிலருந்து இதேதான். கம்பம் இவ்வளவு ஒசரம், வெல நகரல. யாரோ பெரிய ஆளு கொட்டுறான். வாங்குறது பூரா ஒங்க ஸ்டாஃப் ரூம் மாதிரி ஆளுங்க. அந்தப் பெரிய கம்பத்துல தண்ணி கழிச்சா ஒண்ணுமே இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! முதல் தடவையாக எங்கள் ஆட்களுக்கு ஒன்று கையில் வருகிறது, அதையும் பிடுங்கப் பார்க்கிறார் என்று பட்டது. அதைச் சும்மாவா சொன்னேன்? மைதானத்துக் குரலில் சொன்னேன்.

"ஒங்களுக்கு இது யாவாரம் அக்கா! வெங்காயமும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு! எங்க அம்மா அட்டைக் கடியில நின்னு ஒழைச்ச கம்பெனி இது. நான் விக்கமாட்டேன்!"

கடைக்கு வந்தவர்கள் பையோடு அப்படியே நின்றார்கள். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். முதலாளி உள்ளேயிருந்து வந்து, "விடு, அவங்க இஷ்டம்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். திரும்ப என்னிடம் அதே குரலில், "வெலய நான் பாக்கல டீச்சர். வாங்க நிக்கிற ஆளப் பாக்குறேன். கொறைஞ்சுகிட்டே வர்றாங்க" என்றார்.

நான் விடுவேனா? மேலே போய்க் கதவைச் சாத்தினேன். சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருப்பது ஞாபகம் வந்து மறுபடி இறங்கி வந்து அதையும் சொன்னேன். அக்கா ஒவ்வொரு தடவையும் கைப்பேசியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "வித்துருங்க" என்பார். அந்த முகத்தில் வேர்த்திருந்தது. தலவாக்கலைக் குளிரில் ஏன் இந்த மனுஷிக்கு வேர்க்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அதை யோசிக்க அப்போது எனக்குப் பொறுமை இல்லை. கடைசியில் அக்காவைப் பற்றி முறையிடுவதற்காக அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் என் பக்கத்து நியாயத்தோடு சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு, "அந்த வெங்காயக்கட அம்மாவா சொன்னாங்க? அப்ப வித்துரு" என்றார்.

"அம்மா, அது நம்ம கம்பெனி!"

"அடி போடி இவளே. அது என்னைக்கு நம்ம கம்பெனியா இருந்துச்சு? எனக்குக் கூர ஒழுகாம இருந்தாப் போதும்."

விற்றேன். கோபத்தோடு விரலால் திரையைக் குத்திக் குத்தி விற்றேன். ஒரு பங்கு மிச்சமில்லாமல் போய்விட்டது என்று செய்தி வந்தது. அதை அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டி, "போதுமா?" என்றேன். "ம்" என்றார். உருளைக்கிழங்கு மூட்டைமேல் போய் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடித்தார்.

அன்று சந்தை மூடும்போதே விலை சரிந்திருந்தது. அடுத்தடுத்த நாள்களில் விலை இருந்தது, வாங்க ஆள் இல்லை. எங்கள் குழுவில் ராக்கெட் படம் போட்டவர்கள் ஒவ்வொருவராக மௌனமானார்கள். நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒரு ரிப்பன் கேக் வாங்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்து, கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "கத்துறது ஒங்க வேல, பாக்குறது என் வேல" என்று கேக்கை வெட்டி, பெரிய துண்டை எனக்கே கொடுத்தார். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் கடை வாசலில் லொறியைக் காணவில்லை. பழுது பார்க்கப் போயிருக்கும் என்று நினைத்தேன். வாரங்கள் போயின. முதலாளி வாடகை லொறியில் சாமான் இறக்குவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன். அக்கா அப்போது கடையில் இல்லை.

"வித்தாச்சு டீச்சர்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். "ஒங்க கம்பெனிப் பங்கு இவகிட்டயும் இருந்துச்சுல்ல. ஒங்களுக்கு ரொம்ப முந்தியே வாங்குனது. ஒங்களோடத விட பல மடங்கு."

"அப்ப அன்னைக்கு அக்கா ஏன் விக்கல?"

"நானும் அததான் கேட்டேன். இவ மொத்தத்தையும் போட்டா வாங்க நிக்கிற ஆளு எல்லாம் இவளுக்கே காலியாயிருமாம். வெல அங்கேயே ஒடைஞ்சிருமாம். அப்பறம் டீச்சரோடத யாரு வாங்குவாங்கன்னு கேக்குறா. நீங்க வித்து முடிக்கட்டும்னு காத்துகிட்டு இருந்தா. நீங்க முடிக்கும்போது ஆளு முடிஞ்சுபோச்சு. சரக்கெடுக்கிற காசு பூரா அதுல மாட்டிகிச்சு, லொறிய வித்துத்தான் கட நடக்குது."

நான் கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம், மேலே போய்க் கதவைச் சாத்திய நேரமெல்லாம், திரும்ப வந்து பாக்கியைச் சொன்ன நேரமெல்லாம், இந்த மனுஷி தன் பங்கை விற்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். வாங்க நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைவதை, ஊரில் எவருக்கும் தெரியாத அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அக்கா வந்ததும் பிடித்துக்கொண்டேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் என் குரல் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா அந்த நிமிஷமே வித்திருப்பேனே!"

"வித்திருக்க மாட்டீங்க" என்றார் அக்கா. "நீங்க மொதல்ல வித்துருங்க அக்கான்னு ஒத்தக்கால்ல நிப்பீங்க. எனக்கு ஒங்களத் தெரியாதா? அப்பறம் அதுக்கு ஒரு சண்ட. ரெண்டு பேரும் விக்காம வாசல்லயே நின்னிருப்போம்."

அது உண்மை. நான் அப்படித்தான் நின்றிருப்பேன். "லொறி..." என்றேன்.

"லொறி வாங்கலாம் டீச்சர். கொழுந்துக் காச மறுபடி எங்க போய் வாங்குறது?" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா நிக்காதீங்க, அந்தப் பருப்பு மூட்டைய இப்படித் தள்ளுங்க, ஒடம்பு இருக்குல்ல" என்று வேலை ஏவினார். தள்ளினேன். வேறு எந்த விதத்திலும் அந்த நன்றியைச் சொல்ல அன்று எனக்கு வழி தெரியவில்லை.

அவர்கள் பிறகு கடையை விட்டுவிட்டு மாத்தளைப் பக்கம் போனார்கள். எனக்கும் ஊருக்கே இடமாற்றம் கிடைத்தது. அவர்கள் போவதற்கு முன்னால் ஒருநாள் அக்கா உடப்புசல்லாவைக்கு வந்தார். காணி வாங்கி வீடு போட்டு, ஃபாதர் வந்து ஜெபம் செய்து மந்திரித்த நாள் அது. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. பஸ் மாறி மாறி, மடியில் ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து இறங்கினார். தீர்த்தம் தெளித்து முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. போக முடியாமல் அக்கா முன் அறையில் அம்மாவோடு பாயில் உட்கார்ந்தார். நான் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, நீங்களும் அந்தக் கம்பெனில காசு போட்டிருந்தீங்களா?"

நான் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"போட்டிருந்தேம்மா" என்றார் அக்கா.

"கெடச்சிச்சா?"

அக்கா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். தகரத்தில் மழை காதைப் பிளந்துகொண்டிருந்தது. அம்மாவின் கட்டில் சுவரோரம், போட்ட இடத்திலேயே கிடந்தது. தரையில் எங்கேயும் ஒரு பாத்திரம் இல்லை.

"கெடச்சிச்சும்மா" என்றார். "நல்லாவே கெடச்சிச்சு."